அந்தி இராகமும் ஆறு கம்பிகளும்

மறைந்த கலைஞனின் கடைசிப் படைப்பை அனுதாபத்தோடு அணுகுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஜார்ஜ் ஹாரிசனின் ‘பிரெயின்வாஷ்டு’ தொகுப்புக்கு அந்த அனுதாபம் தேவையில்லை என்பது நம் துணிபு. 2001 நவம்பர் 29 அன்று, தம் 58ஆம் வயதில் அவர் மறைந்தார். குறையாக நின்ற பதிவுகளை மகன் தானியும் நண்பர் ஜெஃப் லின்னும் நிறைவு செய்ய, 2002 நவம்பரில் தொகுப்பு வெளிவந்தது. 1987இல் வந்த ‘கிளவுட் நைன்’ தொகுப்புக்குப் பின் அவருடைய தனி ஸ்டுடியோ தொகுப்பு வேறில்லை.

1965இல் ஒரு பீட்டில்ஸ் பாடலில் சித்தார் வாசித்தவர், மறு ஆண்டே ரவிசங்கரிடம் மாணவராகச் சேர்ந்தவர் என்றதும் ‘மேனாட்டார் மோகம்’ என்று புன்னகைத்து நகரும் தமிழறிஞர்கள் நம்மிடையே உளர். அவர்கள் ‘மார்வா ப்ளூஸ்’ஸை ஒருமுறை கேட்க வேண்டும். சொற்களற்ற இசைக்கோவை அது. அதன் உயிர் ஸ்லைடு கிட்டாரில் இருக்கிறது. கோட்டு வாத்தியக் கலைஞர் கட்டையை நகர்த்திக் கமகத்தை வருவிப்பாரே, அதற்கு நெருங்கிய உறவினது அந்த வழுக்கல். மார்வா, கதிர் சாயும் பொழுதுக்குரிய இந்துஸ்தானி இராகம். எற்பாட்டையும் இரங்கலையும் நெய்தலுக்கு வகுத்த மரபில் வந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை. இராக இலக்கணம் தேடுவோர் ஏமாறலாம். இது ஆலாபனை அன்று. சித்தாரைக் கீழே வைத்த பிறகும் கற்றது விரலில் தங்கியிருந்தது என்பதே இங்கு நாம் கேட்பது. 2004இல் இதற்கு கிராமி விருது கிடைத்தது.

பன்னிரண்டு பாடல்களும் ஒரே தரத்தன அல்ல. சிலவற்றில் லின்னின் மெருகு சற்று மிகை. ஆனால் இறுதிப் பாடலான ‘பிரெயின்வாஷ்டு’ சினத்தின் உச்சம். மூளைச் சலவை செய்வோர் பட்டியலில் பங்குச் சந்தையும் கணினியும் வருகின்றன. ஆசிரியர்களும் தப்பவில்லை (கல்லூரியில் பாடம் நடத்தும் நாம் இதைப் பணிவுடன் ஏற்கிறோம்). நடுவே பதஞ்சலி யோக சூத்திர மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி வாசிக்கப்படுகிறது. பின்பு சினம் முழுதும் அடங்கி, தந்தையும் மகனுமாகப் பார்வதி பதியைப் போற்றும் நாமாவளியைப் பாடுகிறார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மார்கழி பஜனைகளில் பழகிய செவிக்கு அதில் அயன்மை இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்து ஈசனுக்கும் அது கேட்டுப் பழகிய அழைப்புத்தான். இரு குரல்களில் எது தந்தையுடையது, எது மகனுடையது என்று பிரித்தறிய நாம் முயன்றதில்லை.