ஒரு தாய் ஆமையின் விலை

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிடுகின்றன. இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கும் பணியை மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் 1988 முதல் செய்துவருகின்றனர். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது.

எனினும் 2025 ஜனவரியில் தமிழகக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுத்திணறியதே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே பருவமடையும் என்பது பரவலான மதிப்பீடு. ஒரு கூட்டில் ஏறத்தாழ நூறு முட்டைகள். அப்படியெனில், வலையில் மடியும் ஒரு தாய் ஆமையை ஈடுசெய்யக் குறைந்தது பத்துக் கூடுகளைக் காக்க வேண்டும். கரையில் இளைஞர்கள் சேர்க்கும் வரவைக் கடலில் நிகழும் செலவு விழுங்கிவிடுகிறது. இச்செலவு மீனின் விலையில் சேர்வதில்லை. அதனால் எவரும் அதை உணர்வதில்லை.

ஐந்து கடல் மைலுக்குள் இழுவலைப் படகுகளுக்குத் தடை உண்டு, கண்காணிப்புதான் போதவில்லை. ஆமை விலக்குக் கருவி பொருத்தினால் மீனும் ஓரளவு தப்பும். அந்த இழப்பை மீனவர் மட்டுமே சுமப்பது நியாயமன்று. இப்பருவத்துக்கேனும் அரசு அதை ஈடுசெய்ய வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பு அரசின் கடமைக்குத் துணையாகலாம்; மாற்றாகாது.