நின்ற எஞ்சினை முதலில் விசாரியுங்கள்



மறுநடவு நடக்கும் தோட்டங்களில் மண்வெட்டியும் கோடரியும் செய்த வேலையை இன்று எக்ஸ்கவேட்டரும் புல்டோசரும் செய்கின்றன. வெட்டிய பழக்குலைகளை மேட்டிலும் பள்ளத்திலும் இழுத்து வருவது டிராக்டர். இந்த யந்திரங்களின் எஞ்சின் வேலை நடுவே தானாக நின்றுவிட்டால், முதலில் எழும் கேள்வி "ஏன் நின்றது?" என்பதன்று, "யார் ஓட்டினான்?" என்பதே. மாலைக்குள் ஓட்டுநர் கையில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்து சேருகிறது. அத்தகைய கடிதங்களைத் தட்டச்சு செய்வதும், யந்திரத்தின் மணிக்கணக்கையும் எண்ணெய்க் கணக்கையும் எழுதி வைப்பதும் என்னைப் போன்ற கிராணிமாரின் வேலை. ஆகவே இது பற்றி எங்களுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

அது இதுதான்: எச்சரிக்கை காட்டிவிட்டுத் தானாக நின்ற எஞ்சின், கெட்டுப்போன எஞ்சின் அல்ல, பெரும்பாலும் கெடாமல் தன்னைக் காத்துக்கொண்ட எஞ்சின். நின்ற காரணத்தைத் தானே குறித்தும் வைத்திருக்கிறது. அக்குறிப்பைப் படிக்காமல் ஆள்மீது பழி சுமத்துவது நியாயமும் அல்ல, தோட்டத்துக்கு லாபமும் அல்ல.

இக்காலத்து டீசல் எஞ்சினில் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. எண்ணெய் அழுத்தம், குளிர்நீரின் சூடு, குளிர்நீரின் மட்டம், எஞ்சினின் சுழல்வேகம் ஆகியவற்றைச் சென்சார்கள் மூலம் அது ஓயாமல் கவனிக்கிறது. ஏதேனும் ஒன்று எல்லை மீறினால் மூன்று படிகளில் நடவடிக்கை எடுக்கும். முதலில் மஞ்சள் விளக்கு. பிறகு சக்தியைக் குறைத்தல். கடைசியாகச் சிவப்பு விளக்கும் நிறுத்தமும். சூடு ஏறினால் சில நிமிட அவகாசம் கிடைக்கலாம். எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ அவகாசம் மிகக் குறைவு. எண்ணெய்ப் படலம் இல்லாமல் சுழலும் தண்டும் பேரிங்கும் விநாடிக் கணக்கில் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே யந்திரம் தயங்காமல் நிற்கிறது.

ஆனால் நின்ற எஞ்சின் எல்லாம் தற்காப்புக்காக நின்றது என்று எண்ணிவிடவும் கூடாது. எரிபொருள் வடிகட்டி அடைத்திருந்தால் எஞ்சின் மூச்சுத் திணறுவது போல ஏறி இறங்கி, சக்தி இழந்து சாகும். நமது நாட்டில் டீசலுடன் பாமாயில் டீசல் கலக்கப்படுகிறது. அது வெறும் டீசலைவிட அதிகமாக ஈரத்தை ஏற்கும். தொட்டியில் நீர் தங்கினால் பாசி போன்ற அழுக்கு வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் மின்சாரம் இருக்கும்வரை எரிபொருள் வழியைத் திறந்து வைக்கும் சொலினாய்டு உண்டு. அதன் வயர் ஒன்று தளர்ந்தாலும் சாவியைத் திருப்பியது போல எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். ஆகவே எப்படி நின்றது, விளக்கு எரிந்ததா, சக்தி முன்பே குறைந்ததா என்று ஓட்டுநரிடம் கேட்பதே விசாரணையின் முதற்படி. கேட்க வேண்டும், அதட்டக் கூடாது. அதட்டினால் உண்மை வராது.

இரண்டாம் படி, பெட்டியில் உள்ள எண்ணைப் படிப்பது. எஸ்.ஏ.இ. ஜே1939 என்னும் முறையைப் பின்பற்றும் எஞ்சின்களில் ஒவ்வொரு கோளாறுக்கும் இரண்டு எண்கள் உண்டு. எஸ்.பி.என். எனப்படும் எண் எந்த இடம் என்று சொல்லும்: 100 என்றால் எண்ணெய் அழுத்தம், 110 என்றால் குளிர்நீரின் சூடு, 111 என்றால் குளிர்நீரின் மட்டம். எஃப்.எம்.ஐ. எனப்படும் எண் என்ன விதமான கோளாறு என்று சொல்லும்: 0 என்றால் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டது, 1 என்றால் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது, 3, 4, 5 என்றால் சென்சாரின் மின்சார வழியில் கோளாறு. 100-உடன் 1 வந்தால் எண்ணெயைப் பார். 100-உடன் 4 வந்தால் வயரைப் பார். பல எஞ்சின்கள் வயர்க் கோளாறுக்கு விளக்கை மட்டும் காட்டும், நிற்கமாட்டா. ஆகவே நின்ற எஞ்சினில் 3 அல்லது 4 மட்டும் தெரிந்தால், வேறு காரணமும் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆங்கிலம் தெரியாதவனுக்கு இது எட்டாது என்று சிலர் சொல்லுவர். எண்ணுக்கு மொழி ஏது? பால் நிறுத்த கணக்கையும் பழக்குலைக் கணக்கையும் சரிபார்க்கத் தெரிந்த தொழிலாளிக்கு 100-க்கும் 110-க்கும் வித்தியாசம் தெரியாதா?

மூன்றாம் படி, எண் சொன்னதைக் கருவியால் மெய்ப்பிப்பது. சென்சாரும் தவறலாம். எண்ணெய் அழுத்தம் குறைவு என்று பெட்டி சொன்னால், முதலில் அளவுக்கோலை உருவி எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் நீர்த்து டீசல் வாசனை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சாதாரண முள் அழுத்தமானியை எஞ்சினில் நேரே பொருத்திப் பார்க்க வேண்டும். முள்ளும் குறைவு காட்டினால் பம்ப், வடிகட்டி, பேரிங் என்று தேடலாம். முள் சரியாகக் காட்டினால் சென்சாரையும் வயரையும் சோதிக்கலாம். மலைச்சரிவில் அதிகம் சாய்ந்து நின்ற யந்திரத்தில், எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சு குழாய்க்கு எட்டாமல் போவதும் உண்டு. அந்தச் சரிவில் வேலை செய்யச் சொன்னது யார் என்பதும் விசாரணையில் வர வேண்டிய கேள்விதான்.

சூடு ஏறி நின்றால், ரேடியேட்டரின் இடுக்குகளில் தூசியும் இலைச் சருகும் நாரும் அடைத்திருக்கின்றனவா, காற்றாடி பெல்ட் தளர்ந்திருக்கிறதா, நீர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது. 15 பவுண்டு அழுத்த மூடியின் கீழ் நீர் ஏறக்குறைய 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் ஆவியாகச் சீறி முகத்தை வேகவைக்கும். இன்னொன்று: குளிர்நீர் அறவே ஒழுகிப்போனால் சூட்டுச் சென்சார் நீரில் மூழ்காமல் காற்றில் நின்று குறைந்த சூட்டையும் காட்டக்கூடும். "முள் ஏறவே இல்லையே" என்று ஓட்டுநர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள்.

வயர்க் கோளாறும் தோட்டத்தில் சாதாரணம். மழையில் இணைப்பினுள் நீர் இறங்கும்; எலி வயரைக் கடிக்கும்; அதிர்வில் வயர் இரும்பில் உராய்ந்து தோல் உரியும். பல சென்சார்கள் 5 வோல்ட் மின்சாரம் ஒன்றையே பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று தரையோடு ஒட்டினால் நான்கு இடங்களில் கோளாறு என்று எண்கள் வரிசையாக வரும். நான்கு சென்சார்களை வாங்கி மாற்றினாலும் கோளாறு தீராது, வெள்ளிதான் செலவாகும்.

நம்மவரிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கொந்திராத்து வேலையில் ஏக்கர் கணக்கு முடிய வேண்டும் என்று சென்சார் வயரைக் கழற்றிவிட்டோ, குறுக்கே கம்பி கட்டியோ ஓட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். அது காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவதற்குச் சமம். நின்றவுடன் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்வதும் அப்படியே. மாலை ஆறு மணிக்குள் வேலை முடியும்; எஞ்சினும் முடியும்; பழி நம் தலையில் விழும்.

"எண்ணை அழித்துவிட்டு ஓட்டு, வேலை நிற்கக் கூடாது" என்று நிர்வாகம் சொல்லுவதும் இதே தவறுதான். எண்ணை அழித்தால் சாட்சியம் அழிந்தது. பல எஞ்சின்களின் பெட்டியில் ஒரு கோளாறு எத்தனை தடவை வந்தது, முதலில் எந்த மணிக்கணக்கில் வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்பதும் பதிவாகியிருக்கும். சிவப்பு விளக்கை அலட்சியம் செய்து ஓட்டுநர் ஓட்டியிருந்தால் அதுவும் தெரியும். மூன்று நாளாக மஞ்சள் விளக்கு எரிந்தும் பழுது பார்க்கப்படாமல் இருந்ததும் தெரியும். இரு தரப்புக்கும் பொதுவான சாட்சி அது. குற்றமற்றவன் அச்சாட்சிக்கு அஞ்சமாட்டான்.

சட்டமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தவறான நடத்தைக்காக ஒருவரைத் தண்டிக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவு சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. அதற்கு அப்பாற்பட்டு முதலாளி தம் இஷ்டப்படி பிடிக்க முடியாது. பெட்டியில் பதிவான சாட்சியத்தைத் திறந்தும் பாராத விசாரணையை முறையான விசாரணை என்று எவர் ஒப்புவார்?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கிளையும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை இவை:

1. எஞ்சின் தானாக நின்றால், விளக்கு, எண், மணிக்கணக்கு, அப்போது செய்த வேலை, நிலத்தின் சரிவு ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுத ஒரு புத்தகம் யந்திரத்தில் இருக்க வேண்டும்.

2. அந்த எண்ணைக் குறிக்காமல் எவரும் அழிக்கக் கூடாது. அதன் நகல் ஓட்டுநருக்கும் கிளைச் செயலாளருக்கும் தரப்பட வேண்டும்.

3. காரணம் மெய்ப்பிக்கப்படுமுன் விளக்கக் கடிதமோ சம்பளப் பிடித்தமோ கூடாது.

4. எண்ணெய், நீர், பெல்ட், ரேடியேட்டர் ஆகியவற்றைக் காலையில் சோதிக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். சோதிக்கவில்லை என்று குற்றம் சாட்டுவோர், சோதிக்க நேரம் கொடுத்தார்களா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

5. எண்ணைப் படிக்கும் கருவியும், அதைப் பயன்படுத்த ஓட்டுநர்களுக்குப் பயிற்சியும் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவல்ல. ஒரு புத்தகம், ஒரு பேனா, ஒரு முள் அழுத்தமானி, காலையில் கால் மணி நேரம். பேரிங் உருகிய எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் செலவின் பக்கத்தில் இவை எம்மாத்திரம்?

ஆபத்து வருமுன் நின்றுகொள்ளவும், காரணத்தைக் குறித்து வைக்கவும் யந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது மனிதன்தான். அக்குறிப்பைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொறுமையை நிர்வாகம் கற்றுக்கொள்ளட்டும். அதுவரை, தோழர்களே, நின்ற இடத்திலேயே எண்ணை எழுதி வையுங்கள். எழுதாத நியாயம் விசாரணையில் நிற்பதில்லை.