ஊசிமுனையில் ஓர் அமானிதம்

 

உங்கள் இல்லத்துப் பரண்மீது பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கக்கூடும். பாட்டனார் ஆசையோடு சேர்த்த தட்டுகள் அதனுள் உறங்கிக் கொண்டிருக்கும். ஒன்றில் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் கம்பீரக் குரல். மற்றொன்றில் ஒரு காரீயின் கிராஅத். 1961ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு ஷைகு மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ அவர்கள் திருமறை முழுவதையும் ஓதிப் பதிவு செய்தபோது, அப்பதிவு வெளிவந்ததும் இத்தகைய தட்டுகளிலேதான். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு இங்கு நமது பொருளன்று. கிராஅத்தாயினும் கீதமாயினும், தட்டில் பதிந்த குரலைக் காப்பது எவ்வாறு என்பதே நம் கேள்வி.

விடுமுறையில் ஊர் திரும்பும் பிள்ளை, வாப்பாவை மகிழ்விக்கப் புதிய ரிக்கார்டு பிளேயர் ஒன்றைச் சுமந்து வருகிறார். வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தால் ஒலி மேலும் இனிக்கும் என்று நண்பர் கூற, அதற்கும் பணம் எண்ணப்படுகிறது. சற்றே பொறுங்கள்! ஒலி பிறக்கும் இடம் ஊசிமுனை. அங்கே நேரும் பிழையை ஆயிரங்கள் கொட்டி வாங்கும் எந்தக் கருவியும் திருத்தித் தராது.

முதலில் தட்டின் இனத்தை அறியுங்கள். கனத்து, விழுந்தால் நொறுங்கி, பக்கத்துக்கு ஒரு பாடல் மட்டுமே கொண்டிருப்பவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். வளைந்து கொடுக்கும் வினைல் நெடுந்தட்டுகள் 1948இல் அறிமுகமானவை. 33⅓ முறை சுழல்பவை. நெடுந்தட்டுக்குரிய ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். அரக்குத் தட்டுக்குரியதோ ஏறத்தாழ 75 மைக்ரான். மெல்லிய ஊசி அரக்குத் தட்டின் அகன்ற வரிப்பள்ளத்தில் அடிவரை இறங்கி இரைச்சலையே எழுப்பும். பருத்த ஊசியோ நெடுந்தட்டின் நுண்ணிய பள்ளத்தைப் பாழாக்கிவிடும். ஆகவே இரண்டையும் கேட்க விரும்புவோர் இரண்டு ஊசிகள் வைத்திருத்தல் இன்றியமையாதது.

தூய்மை செய்வதிலும் எச்சரிக்கை வேண்டும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் பொருள். வினைல் தட்டுக்கென விற்கப்படும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் அரக்குத் தட்டைத் துடைத்தால் குரலும் அதனோடு கரைந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் துளியளவு மென்சோப்புக் கலந்து, துணியில் தோய்த்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். நடுவிலுள்ள காகிதம் நனையலாகாது.

அடுத்து, கருவியை அசையாத மேசைமீது வைத்து இரசமட்டத்தால் சமம் பாருங்கள். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள். அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து ஒலியைக் குழப்பும். ஊசி தாங்கும் கையின் பின்புறத்திலுள்ள எடையைத் திருகி, கை தராசுக்கோல் போல் சமமாக மிதக்கும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். அந்நிலையில் அளவு வளையத்தை மட்டும் பூஜ்ஜியத்தில் நிறுத்திவிட்டு, பின்னர் எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, ஊசியைச் செய்தவர் குறித்துள்ள கிராம் அளவில் வையுங்கள். நெடுந்தட்டுக்குரிய காந்த வகை ஊசிகளுக்கு அது பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம் வரை அமையும்.

ஊசி தாவுகிறது என்று அதன் தலைமீது நாணயம் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நோய்க்கு மருந்தன்று, தட்டுக்கு நஞ்சு. எனினும் எடை குறைந்தால் நல்லது என எண்ணுவதும் தவறே. போதிய பாரமற்ற ஊசி பள்ளத்தின் சுவர்களில் மோதித் துள்ளி, அவற்றைச் சிதைக்கும்.

இனி வால்வுக்கு வருவோம். புதிய காந்த ஊசி தருவது சில மில்லிவோல்ட் மின்சைகையே. மேலும், தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிக்கின்றனர். இதனைச் சீர்செய்து பெருக்கும் 'போனோ' பகுதி இடையில் இருந்தாக வேண்டும். பழைய வால்வு ரேடியோவின் பின்புறத்துப் 'பிக்கப்' துளை, வலுவான சைகை தந்த அக்காலப் படிக ஊசிகளுக்கானது. புதிய ஊசியை அதில் நேரே இணைத்தால் மெலிந்த கீச்சொலியே கேட்கும்.

ஆபத்தும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஏசி, டிசி இரண்டிலும் இயங்கிய ரேடியோக்களின் உலோகச் சட்டம் நேரடியாக மின்சாரத்தோடு இணைந்திருக்கும்; அவற்றில் எதனையும் இணைக்காதீர்கள். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் உண்டு. நிறுத்திய பின்னரும் அதன் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். திறக்கும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் அதனை இயக்காதீர்கள். வெப்பம் வெளியேற இடம் விடுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். வால்வின் ஒலி செவிக்கு இதமானதே. ஆயினும் ஊசி கீறிய வடுவை அது ஆற்றாது.

பழகிய ஒருவரைக் கொண்டு, எல்லாம் சரியான பின், ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் பதிந்து வைத்துக் கொள்ளுங்கள். பிறகு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.

அன்பர்களே! தேய்ந்த சட்டையைப் புதிதாக வாங்கலாம். தேய்ந்த பள்ளத்தில் தொலைந்த குரலை எங்கே வாங்குவது? பாட்டனார் நம்மிடம் விட்டுச் சென்றது பேரப்பிள்ளைகளுக்கும் உரிய அமானிதம். அதனைப் பழுதின்றி ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.