யாருக்குப் பிடித்த வாத்தியார்?

செப்டம்பர் மாதம் நெருங்கினால் பத்திரிகைகளுக்கு ஒரு சம்பிரதாயம் வந்துவிடுகிறது. நாலு எழுத்தாளர், இரண்டு டாக்டர், ஒரு சினிமாக்காரர், ஓய்வுபெற்ற கலெக்டர் ஒருவர் ஆகியோரைப் பிடித்து, "உங்களுக்கு மிகவும் பிடித்த பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். அவர்களும் எழுதிக் கொடுக்கிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் படித்தால் ஒரு கட்டுரைக்கும் மறு கட்டுரைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளை வேட்டி, கையிலே பிரம்பு, மகா கண்டிப்பு, கண்டிப்புக்குள் ஒளிந்திருக்கும் கருணை, கடைசியில் எழுதுகிறவரின் தலையில் கை வைத்து, "நீ பெரிய ஆளாக வருவாயடா!" என்று ஓர் ஆசீர்வாதம். அந்த ஆசீர்வாதம் பலித்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் கட்டுரையே. வாத்தியாருக்கென்று வாங்கிய மாலையைத் தம் கழுத்தில் போட்டுக்கொள்கிற வித்தை இது!

இதிலே எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது அந்தப் பிரம்பு. "அன்றைக்கு அவர் அடித்த அடிதான் என்னை ஆளாக்கிற்று" என்று உருகாதவர் அபூர்வம். ஸ்வாமி, அதே பிரம்பால் அதே நாளில் அடிபட்ட இன்னொருவன், சிலேட்டை வீசி எறிந்துவிட்டு ஓடிப் போனானே, அவனை எந்தப் பத்திரிகையாவது கட்டுரை கேட்டதுண்டா? கரையேறினவர்களிடம் மட்டும் வாக்குமூலம் வாங்கினால் வெள்ளம்கூட நல்லது என்றுதான் தோன்றும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆவது பிரிவில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் ஓய்ந்துபோன இடத்தில் நம்முடைய ஞாபகக் கட்டுரைகள் பிரம்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கின்றன.

நாம் யார் பக்கம் நின்று வாத்தியார்களை அளக்கிறோம் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. விளையாட்டு வீரர்களைப் பயிற்றுவிக்கும் ஆசான்களுக்கு இந்திய சர்க்கார் 1985 முதல் ஒரு விருது கொடுத்துவருகிறது. அதன் பெயர் துரோணாசாரியார் விருது. அர்ஜுனனைக் கேட்டால் அந்தப் பெயரில் குற்றமொன்றும் காண மாட்டான். ஏகலைவனைக் கேட்க வேண்டும்.

ஆகவே நானும் ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் எனக்கு அவர் என்ன செய்தார் என்று எழுதப் போவதில்லை. உண்மையில் எனக்கு அவர் ஒன்றும் பிரமாதமாகச் செய்துவிடவில்லை. என் தகப்பனார் பொன்னேரித் தாலுகாவில் சர்க்கார் குமாஸ்தா. வீட்டில் விளக்கு இருந்தது, புஸ்தகம் இருந்தது, வாய்ப்பாடு ஒப்பிக்காவிட்டால் சோறு போடத் தாமதம் செய்கிற ஒரு பாட்டியும் இருந்தாள். எந்த வாத்தியார் வந்திருந்தாலும் நான் பாஸ் செய்திருப்பேன். என் நன்றியைக் கொண்டு அவரை அளப்பது, நிறைந்த குளத்தில் குடம் அமிழ்த்திவிட்டு மழையைப் புகழ்கிற காரியம்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். ஏரியைப் பற்றிப் பட்டணத்தார் அறிந்ததெல்லாம் பூநாரைகள்தாம். பனிக்காலத்தில் கார் போட்டுக்கொண்டு வந்து, தூரக் கண்ணாடியில் பறவையைப் பார்த்து, இறால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒடிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இது. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா என்று ஒரு கோட்டைகூடக் கட்டினார்கள். ஆனால் கோட்டையைவிட ஆச்சரியமான ஒன்று இந்த ஏரியில் உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான்; வலையோ பல. எல்லோரும் ஒரே நாளில் பாய்ந்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று குப்பத்தார் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைதான் பாடு. தன் பாட்டு நாளை ஒரு குடும்பம் தவறவிட்டால் அன்றைய இறால் போயிற்று. அடுத்த முறை வரும்வரை அடுப்பும் யோசித்துத்தான் எரியும். அன்றைக்குப் பையன் படகில் இருந்தாக வேண்டும்.

மற்ற வாத்தியார்களின் கணக்கிலே இது 'ஆப்ஸெண்ட்'. மறுநாள் வந்தால் பிரம்பு. நாலு முறை பிரம்பு என்றால் ஐந்தாம் முறை பையன் வருவதில்லை. குப்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று இதற்கு ஒரு விளக்கமும் ஆசிரியர் அறையில் தயாராக இருந்தது.

நான் சொல்கிற வாத்தியார் வந்த முதல் வாரத்தில் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலத்தில் கரையில் போய் உட்கார்ந்து பெரியவர்களிடம் பாட்டு முறையை விசாரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதினார்: '3 கூட்டத்தார் நாள்தோறும் முறை மாற்றி வலை கட்டுகிறார்கள். உன் கூட்டத்துக்கு இந்த மாதம் 2ஆம் தேதி பாடு. மாதத்துக்கு 31 நாள். அடுத்த மாதம் உன் முதல் பாடு என்றைக்கு?' குமாஸ்தா மகனாகிய நான் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சியிலிருந்து, ஏழாம் வாய்ப்பாடு கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத பையன் ஒருவன் எழுந்து, "ஒண்ணாந் தேதி ஸார்" என்றான். கூடவே, "அன்னிக்கு அமாவாசை கிட்டக்க, எறா நல்லா வுழும்" என்று உபரியாக ஒரு தகவலும் கொடுத்தான். வாத்தியார் மீதியைப் பற்றிய பாடத்தை அவனை வைத்துக்கொண்டே நடத்தினார்.

அதற்குப் பிறகு பாட்டு அட்டவணை ஒன்று அவர் மேஜையில் ஒட்டப்பட்டிருந்தது. எவன் என்றைக்கு வர மாட்டான் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். புதிய பாடத்தை அன்றைக்குத் தொடங்க மாட்டார். விட்டுப்போனதை மறுநாள் மாலை அரை மணி நேரம் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார். இதிலே தியாகமும் இல்லை, தெய்விகமும் இல்லை. ஊரைப் பார்த்து வேலை செய்தார், அவ்வளவுதான். அவருடைய இரண்டு வருஷத்தில் கடைசி பெஞ்சியில் ஓர் இடமும் காலியாகவில்லை.

அந்த ஏரிக்கு அக்கரைதான் ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணியைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்துதான் கிளம்பிற்று. அந்தத் திட்டத்துக்குத் தலைவராக இருந்த அப்துல் கலாம், ராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. தமது 'அக்கினிச் சிறகுகள்' சுயசரிதையில் சிவசுப்பிரமணிய ஐயரை அவர் நினைவுகூர்வது பிரசித்தம். தம் வீட்டம்மாள் பரிமாறத் தயங்கியபோது தாமே பரிமாறி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆசிரியர். ஆனால் அதே புஸ்தகத்தில் வேறொரு வாத்தியாரும் இருக்கிறார். தொப்பி போட்ட பையன் பூணூல் போட்ட பையனோடு முன்வரிசையில் உட்காரலாகாது என்று கலாமைக் கடைசி பெஞ்சிக்கு அனுப்பியவர். இருவரையும் எழுதினாரே, அதுதான் நேர்மையான ஞாபகம். மேடைப் பேச்சாளர்கள் ஐயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

"எல்லாம் சரி, நல்ல வாத்தியார்கள் இப்போது எங்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், இருக்க விடுவதில்லை. 1921இல் ராதாகிருஷ்ணன் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை ரயிலடிக்கு இழுத்துப் போனார்கள் என்று ஆசிரியர் தினந்தோறும் சொல்கிறோம். அவர் பிறந்த திருத்தணி வட்டாரத்திலேயே, பள்ளிப்பட்டுப் பக்கம் வெளியகரத்தில், 2018 ஜூனில் நேர்மாறாக ஒன்று நடந்தது. ஓர் இளம் ஆங்கில ஆசிரியருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பிள்ளைகள் அவரைப் பிடித்துக்கொண்டு, போகவே விடாமல் அழுதார்கள். நாடே அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கிற்று. மாற்றலைச் சில நாள் தள்ளிப் போட்டார்கள். மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து, உபரி என்று கண்டால் ஆளைப் பெயர்த்துவிடுகிற ஏற்பாட்டை யாராவது தள்ளிப் போட்டார்களா? எண்ணிக்கை பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஒரு வாத்தியார் வந்த பிறகு எத்தனை பிள்ளைகள் நின்றுபோகவில்லை என்று எண்ணுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் போட்டால் என்ன கெட்டுவிடும்? 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றிவிடுவேன் என்று மிரட்டுகிற உத்தியோக உலகத்துக்கு, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த குப்பமும் காடாகத்தான் தெரிகிறது.

எங்கள் வாத்தியாருக்கும் ஒரு ஜூன் மாதத்தில் உத்தரவு வந்தது. யாரும் அவரைப் பிடித்துக்கொண்டு அழவில்லை. படம் எடுக்கவும் ஆளில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் மேஜையைத் துடைத்துச் சுத்தம் செய்தார். அட்டவணையும் அதோடு போயிற்று. பாட்டு நாட்களில் மறுபடியும் 'ஆப்ஸெண்ட்' விழத் தொடங்கியது. ஒன்றாந் தேதியைச் சொன்ன பையனின் பெயரைத் தீபாவளிக்கு முன்பே சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அப்போது அவன் எட்டாவது வகுப்பு.