பத்தாயிரம் அடியும் ஒரு மூங்கில் கம்பும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைச் சந்தித்தால், ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். நான் கேட்பது வேறு. எந்த நாற்காலியில் உட்காருகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்றுதான் கேட்பேன். பலர் சிரிப்பார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் அப்பா சர்க்கரை நோயால் வலது காலின் பெருவிரலை இழந்தவர். புண் ஆறாமல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாலையில் கட்டு மாற்றும்போது கூட இருந்தவன் நான். அப்படியிருந்தும், வேலை கம்ப்யூட்டரில், பொழுதுபோக்கு கம்ப்யூட்டரில், சாப்பாடும் கம்ப்யூட்டர் முன்னால் என்று பல ஆண்டுகளை ஓட்டினேன். 47 வயதில் ஒரு ரத்தப் பரிசோதனை. கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.3 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டால் நோய். "சார், இன்னும் கதவு மூடவில்லை. உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர்.

அசைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. முதலில் ஜிம். ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் கூச்சத்திற்காகவாவது போவோம் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் போனேன். சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடி முழுவதும் என் தொப்பை. இதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல விரும்பவில்லை.

அடுத்ததாக, கம்ப்யூட்டர்காரன் புத்திப்படி ஒரு கருவி வாங்கினேன். கையில் கட்டிக் கொள்ளும் பட்டை. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணி, மொபைல் போனுக்கு அனுப்பும். பத்தாயிரம் அடியைத் தொட்டால் பட்டை அதிரும். போன் திரையில் வாணவேடிக்கை. முதல் பத்து நாள் சின்னப் பையன் மாதிரி அலைந்தேன். பதினோராம் நாள் இரவு 9,400-ல் நின்றது. என்ன செய்தேன் தெரியுமா? சோபாவில் சாய்ந்து டி.வி. பார்த்துக் கொண்டே கையை ஆட்டினேன். பட்டை அதிர்ந்தது. வாணவேடிக்கையும் வந்தது. "என்னங்க, யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்று கேட்ட மனைவிக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் கருவி எப்படி எண்ணுகிறது என்று சொல்லி விடுகிறேன். பட்டைக்குள்ளும் சரி, உங்கள் மொபைல் போனுக்குள்ளும் சரி, அக்செலரோமீட்டர் என்னும் சிறிய சிப் இருக்கிறது. அசைவின் வேகம் மாறுவதை அது கவனிக்கும். ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் அசைவு வந்தால், அதிலுள்ள சாப்ட்வேர் அதை நடை என்று முடிவு செய்யும். அதற்குக் கால் தெரியாது, தாளம்தான் தெரியும். சப்பாத்தி மாவு பிசைந்தாலும் சில அடிகள் ஏறும். தள்ளுவண்டியைப் பிடித்துக் கொண்டு சூப்பர் மார்க்கெட்டை முழுக்கச் சுற்றினால், கை ஆடாததால் கையில் இருக்கும் பட்டை குறைத்துக் காட்டும்.

சரி, அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? ஏதோ மருத்துவக் குழு கூடி முடிவு செய்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அடுத்த ஆண்டு, அந்த உற்சாகம் அடங்குவதற்குள், ஒரு ஜப்பானிய நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயர் மன்போ-கெய். பொருள், பத்தாயிரம் அடி மானி. சொல்வதற்கு எளிதான முழு எண் என்பதால் உலகம் முழுவதும் ஒட்டிக் கொண்டது. 2019-ல் அமெரிக்காவில் பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட வயதான பெண்களிடம் செய்த ஆய்வின் முடிவு வெளியானது. நாளுக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வரை அந்தப் பலன் கூடியது, அதற்குமேல் கூடவில்லை. ஆக, ஒரு விளம்பரப் பெயருக்காக நான் சோபாவில் கையை ஆட்டிக் கொண்டிருந்திருக்கிறேன்.

கலோரிக் கணக்கு இதைவிட மோசம். 2017-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் கருவிகள் ஏழினை எடுத்துச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் நன்றாகவே காட்டின. செலவான கலோரியை ஒன்றுகூடச் சரியாகக் காட்டவில்லை. இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. எனவே "300 கலோரி எரித்து விட்டேன், ஒரு மைசூர்பாகு சாப்பிடலாம்" என்று கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள். நான் எடுத்திருக்கிறேன்.

பட்டையை மேஜை டிராயரில் போட்டேன். அப்போதுதான் மகள், "அப்பா, நடனப் பாய் வாங்கலாமா?" என்று கேட்டாள். 1998-ல் ஜப்பானின் கோனாமி நிறுவனம் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற விளையாட்டை வெளியிட்டது. திரையில் அம்புக்குறிகள் வரும். பாட்டின் தாளத்திற்கு ஏற்ப, தரையில் உள்ள அதே அம்புக்குறிகளைக் காலால் மிதிக்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம், அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளின் உடல் பருமனைக் குறைக்க இந்த விளையாட்டைக் கொண்டு வருவதாக 2006-ல் அறிவித்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இதே போல் ஆட ஸ்டெப்மேனியா என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. டவுண்லோட் செய்து, யு.எஸ்.பி. போர்ட்டில் நடனப் பாயைச் செருகினால் போதும். பாய் இல்லாவிட்டால் கீ போர்டில் அம்புக்குறி கீகளைத் தட்டியும் ஆடலாம். ஆனால் அதில் விரல்தான் இளைக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாயின் மேல் நான் சிரித்த சிரிப்பு பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சிரிக்காத சிரிப்பு. இருபது நிமிடம் போனதே தெரியாது, பனியன் நனைந்திருக்கும். நாங்கள் இரண்டாம் மாடி. ஐந்தாம் நாள் முதல் மாடிக்காரர் மேலே வந்து, "சார், மேலே கிரைண்டர் ஏதாவது புதுசா வாங்கியிருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அதோடு பாயைச் சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று.

கீழ்வீட்டுக்காரர் வரா விட்டாலும் அது எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். 2016-ல் போகிமான் கோ என்ற மொபைல் விளையாட்டு வந்ததும் உலகமே தெருவில் இறங்கி நடந்தது. அமெரிக்காவில் அதை ஆடியவர்களின் அடிக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முதல் வாரம் நாளுக்கு ஏறத்தாழ 955 அடி கூடியிருந்தது. பிறகு வாரா வாரம் இறங்கி, ஆறாம் வாரம் பழைய கணக்குக்கே வந்து விட்டது. புதுமையின் ஆயுள் அவ்வளவுதான் போலிருக்கிறது.

எனக்கு ஆறு வாரத்தைத் தாண்டி நிலைத்தது மொட்டை மாடியில் கிடைத்தது. துணி காயப் போடப் போன இடத்தில், மூன்றாம் மாடிப் பையன், பன்னிரண்டு வயது, சிலம்பம் சுற்றிக் கொண்டிருந்தான். சனிக்கிழமை தோறும் பள்ளி மைதானத்தில் ஓர் ஆசானிடம் கற்றுக் கொள்கிறானாம். வேடிக்கை பார்த்த என்னிடம் கம்பை நீட்டி, "அங்கிள், பிடிச்சுப் பாருங்க" என்றான். பிடித்தேன். ஒரே சுற்றில் என் முழங்காலில் அடித்துக் கொண்டேன். பையன் சிரிக்கவில்லை. "முதல்ல காலடி அங்கிள். அப்புறம்தான் கம்பு" என்றான், முகத்தைக் கடுமையாக வைத்துக் கொண்டு.

அன்று தொடங்கியது. ஒரு வாரம் வெறும் காலடி. பிறகு என் நெற்றி உயரத்திற்கு ஒரு மூங்கில் கம்பு வாங்கினேன். வலது கையில் சுற்றுவது, இடது கையில் சுற்றுவது, சுற்றிக் கொண்டே கை மாற்றுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. வந்தது என்று ஒரே சொல்லில் எழுதி விட்டேன். இடது கைக்கு மட்டும் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மாடிப்படி விளக்கு ஒன்று உடைந்தது. அசோசியேஷனுக்குப் பணம் கட்டினேன். ஆனால் ஒரு நாள்கூட "இன்றைக்குப் போக வேண்டுமா" என்று தோன்றவில்லை. நேற்று வராத சுற்று இன்று வருமா என்று பார்க்கும் ஆசை. மேலே ஒரு வாத்தியார் காத்திருக்கிறார் என்ற பயமும் உண்டு. நடையில் எனக்கு இந்த இரண்டும் இல்லை. அங்கே எண்தான் ஏறியது. எனக்கு எதுவும் புதிதாகத் தெரிய வரவில்லை. உங்களுக்கு அது சிலம்பமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கிப்பிங் கயிறு, நீச்சல், பறை, கும்மி, எதுவானாலும் சரி, அடுத்த பாடம் என்று ஒன்று அதில் இருந்தால் ஆறு வாரத்தைத் தாண்டுவீர்கள் என்பது என் கட்சி.

ஆசையில் பழைய பட்டையை எடுத்துக் கட்டிக் கொண்டு ஒரு நாள் கம்பு சுற்றினேன். கையின் வீச்சையெல்லாம் அடி என்று எடுத்துக் கொண்டு, நின்ற இடத்திலேயே என்னை எங்கோ கொண்டு போய் விட்டது. மறுநாள் போனைக் கால்சட்டைப் பையில் வைத்துக் கொண்டு சுற்றினேன். வியர்வை கொட்டுகிறது, போனோ நான் நிற்பதாகச் சொன்னது.

அதற்காக எண்ணுவதையே விட்டு விடலாமா என்றால், கூடாது. கணக்கு இல்லாவிட்டால் மனம் பொய் சொல்லும். "தினமும் செய்கிறேன்" என்று டாக்டரிடம் சொன்ன மாதத்தில் நான் செய்தது பதினோரு நாள். இதை எனக்குச் சொன்னது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு எக்ஸெல் பைல். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

நான்கு நெட்டு வரிசை போதும். தேதி, செய்தது என்ன, எத்தனை நிமிடம், குறிப்பு. தேதியை டைப் செய்ய வேண்டாம். கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால் அன்றைய தேதி தானே விழும். செய்யாத நாளுக்குச் செல்லைக் காலியாக விடாதீர்கள். பூஜ்யம் என்று உங்கள் கையால் டைப் செய்யுங்கள். அந்தப் பூஜ்யத்தை அடிக்கும்போது வரும் வெட்கம் எந்த அதிர்வுப் பட்டையிலும் வராது. வாரம் முடிந்ததும் நிமிடங்களுக்குக் கீழே உள்ள செல்லில் கர்சரை வைத்து, ஆல்ட் கீயுடன் சமக் குறியைத் தட்டுங்கள். எந்தெந்தச் செல்களைக் கூட்டப் போகிறது என்று எக்ஸெல் கோடு போட்டுக் காட்டும். அவை அந்த வாரத்து ஏழு செல்கள்தானா என்று பார்த்து என்டர் தட்டினால் கூட்டுத்தொகை வந்து விடும். நிமிட வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், அதில் கலர் ஸ்கேல்ஸ், அதில் பச்சை - வெள்ளை என்பதில் கிளிக் செய்தால், அதிகம் ஆடிய நாள் அடர் பச்சையாகவும் ஆடாத நாள் வெள்ளையாகவும் தெரியும். வாரக் கூட்டுத்தொகைகளைத் தேர்வில் சேர்த்து விடாதீர்கள். சேர்த்தால் அவை மட்டும் பச்சையாகி, மற்ற நாட்கள் வெளிறிப் போகும்.

எத்தனை நிமிடம் வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. இதுவும் அடுத்தவர் வைத்த எண்தானே என்று நீங்கள் மடக்கலாம். ஆனால் இது கருவி விற்க வைத்த எண் அல்ல. மேலும், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அதில் எடுத்து விட்டார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், புதிதாக எதையும் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். உழைப்பில் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

சொந்த பைலில் இன்னொரு வசதியும் உண்டு. ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பதிவு செய்யும் ஸ்டிராவா என்ற சேவை, தன் பயனாளிகள் சென்ற வழிகளை எல்லாம் சேர்த்து 2017-ல் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால், வெளியே தெரியக் கூடாத ராணுவ முகாம்களின் ஓடுபாதைகள் அதில் பளிச்சென்று மின்னின. என் மொட்டை மாடியில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. ஆனாலும் என் முழங்கால் வலியும் இடுப்பு அளவும் இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் எதற்குக் கிடக்க வேண்டும்? மாதம் ஒரு முறை பைலைப் பென் டிரைவில் காப்பி செய்து கொள்கிறேன்.

எட்டு மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 5.9. இன்னும் அந்த முந்தைய நிலைக்குள்தான் இருக்கிறேன். மைசூர்பாகை நிறுத்தியதற்கும் இதில் பங்கு உண்டு என்று மனைவி அழுத்தமாகச் சொல்கிறாள், மறுக்கவில்லை. அப்பாவிடம் கம்பைக் காட்டினேன். ஊன்றிக் கொள்ள வாங்கியிருக்கிறேன் என்று நினைத்து, "இவ்வளவு நீளம் எதுக்குடா?" என்றார்.

ஐந்து ஆண்டாகியும் அந்த பைல் ஓடுகிறது. என் வாத்தியார் இப்போது தேர்வுக்குப் படிக்கிறார், மாடிக்கு வருவதில்லை. தனியாகத்தான் சுற்றுகிறேன். இன்று மாலை மழை; மொட்டை மாடி வழுக்கும். பூஜ்யம் போட்டு, குறிப்பில் மழை என்று டைப் செய்து விட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மழை விட்டு அரை மணி நேரம் ஆகிறது. செல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.