18 வயதோடு நிற்கும் பரிசோதனை, 40 வயதில் வரும் ஆபத்து

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைத் தேடி அரசு வருகிறது. சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போய், 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அந்தப் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. 18 முடிந்துவிட்டால் தேடி வர யாரும் இல்லை. பெரிய ஆபத்தோ 40-ஐ ஒட்டித்தான் வருகிறது.

அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்துக்கு மூலமான மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூன்று. அதனால் அந்தப் புரதம் பிறவியிலிருந்தே கூடுதலாகச் சுரக்கிறது. 40 வயதுக்குள் ஏறக்குறைய இவர்கள் எல்லோருடைய மூளையிலும் அல்சைமர் மாற்றங்கள் வந்துவிடுகின்றன. பெரும்பாலோருக்கு 50-களின் முதல் பாதியில் நோய் வெளிப்படுகிறது. முதுமை வரை வாழ்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதற்குத் தப்புவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று அது 60-ஐத் தொடுகிறது. அன்று பெற்றோர் பார்க்காத நோயை இன்றைய பெற்றோர் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரை எடுத்துக்கொள்வோம். மரச்சிற்பத்துக்காக 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். இங்கே ஒரு பட்டறையில் இருபது வருடமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ள 45 வயதுக்காரர் ஒருவர் இருந்தால், அவருக்கு நோய் எப்படி ஆரம்பிக்கும்? மறதி முதலில் கண்ணில் படாமல் போகலாம். பிடிவாதம் கூடும், ஆசையாகச் செய்த வேலையில் நாட்டம் போகும். வாசற்படியில் கால் வைக்கத் தயங்கி நிற்பார். காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து டம்ளர் கீழே விழும். அது வலிப்பின் தொடக்கமாக இருக்கலாம். வீட்டில் "வயசாகுதுல்ல" என்பார்கள். மருத்துவமனையிலும் "இந்தப் பிள்ளைங்க இப்படித்தாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டால், அவருடைய தாய் வேறு எங்கே போவார்?

இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழி என்று கேட்டு இவர்களுக்கு மறதி நோயைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கணக்கு அவர்களில் பலருக்கு எப்போதுமே வந்ததில்லை. அவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு முன்பிருந்த நிலை எங்காவது பதிவாகியிருக்க வேண்டுமே! மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் சதவீதம் இருக்கிறது. அவர் தானாகச் சட்டை போடுவாரா, கடைக்குப் போய் வருவாரா என்பது அதில் இல்லை.

இன்னொரு கொடுமை, எல்லாத் தடுமாற்றமும் அல்சைமர் ஆகிவிடாது. தைராய்டு குறைவு இவர்களிடம் மிகச் சாதாரணம். காது கேளாமை, கண்புரை, தூக்கத்தில் மூச்சு அடைப்பு, மனச்சோர்வு எல்லாமே மறதி நோய் போலத் தோன்றும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. பரிசோதிக்காமல் விட்டால், மாத்திரையில் சரியாகக்கூடியவரும் படுக்கையில் கிடப்பார்.

வேண்டுவது புதுக் கட்டடம் அல்ல. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பதிவேட்டிலிருந்து டவுன் சிண்ட்ரோம் உள்ள, 30 வயது தாண்டியவர்களைப் பிரித்தெடுக்க வேண்டும். அவர்களின் அன்றாடத் திறன்களை ஒருமுறை முழுதாகக் குறித்து, பிறகு ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளை இவர்களுக்கென ஒதுக்கி, தைராய்டு, கண், காது சோதனைகளை ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகும்போது, இவர்களையும் ஒரு பார்வை பார்த்து வரலாம். கிராமப்புறத்தில் அருகிலேயே இலவச மருத்துவம் தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மாதாந்திர உதவித்தொகையை மட்டும் கொடுத்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

"எங்களுக்கு அப்புறம் யாரு?" என்ற கேள்வியோடு எழுபது வயதுப் பெற்றோர் காத்திருக்கிறார்கள். இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் இந்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டும். அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளை சாப்பிடுவதையும், நடப்பதையும், பேசுவதையும், வேலை செய்வதையும் இன்றே செல்போனில் வீடியோ எடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நாளை மருத்துவரிடம் காட்ட அது உதவும்.