பொதியில் ஆங்கிலம், நாயின் மேனியில் புண்!



நாயின் சொறிக்கும் நற்றமிழுக்கும் என்ன தொடர்பு என்று நகைப்பவர் நகைக்கட்டும். நகைத்து முடித்தபின் இதனை இறுதிவரை படிக்கட்டும். மொழியுரிமை மேடையில் முழங்குதற்கு மட்டும் உரியதன்று. அடுப்பங்கரையிலும், ஆட்டுப்பட்டியிலும், வாயிற்படியில் படுத்திருக்கும் நாயின் உணவுத்தட்டிலும் அது அடங்கியிருக்கின்றது. இதனை எனக்கு உணர்த்தியது ஒரு நாய்.

வெள்ளகோவிலில் என்னிடம் பத்தாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவன், ஒருநாள் மாலை, மருத்துவர் எழுதித் தந்த தாளொன்றையும் நாயுணவுப் பைகள் மூன்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். உடன் அவன் தாய். கணவன் மனைவி இருவரும் விசைத்தறிக் கூடத்தில் பாடுபடுவோர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகன் ஆசைப்பட்ட இலாபிரடார்க் குட்டியொன்றை வாங்கி வளர்த்தனர். அகவை இரண்டு. அதன் வயிறும் அக்குளும் செந்நிறமாய்த் தடித்திருந்தன, காதுக்குள் நாற்றம், பாதங்களை ஓயாது நக்கி நக்கி வெண்மயிர் துருநிறம் ஆகியிருந்தது. இரவெல்லாம் அது சொறியும் ஓசையில் வீட்டார் உறக்கம் இழந்தனர்.

"பைய மூணுதரம் மாத்திப் போட்டாச்சுங்க ஐயா. சொறி மட்டும் மாறலீங்க" என்றார் அந்தத் தாய்.

மருத்துவர், "உணவு அலர்சியாக இருக்கலாம், உணவை மாற்றுங்கள்" என்று சொல்லியிருந்தார். இவர்களும் மாற்றினார்கள். மூன்று பைகள், மூன்று நிறங்கள், மூன்று விலைகள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையின் பின்புறத்தில் எறும்புபோல் ஊர்ந்த ஆங்கில எழுத்துகளைப் படித்தேன். முதற்பையில் கோழி, கோதுமை, மக்காச்சோளம். இரண்டாம் பையிலும் கோழி, கோதுமை. முகப்பில் ஆட்டின் படம் பொறித்திருந்த மூன்றாம் பையிலும், உள்ளே எழுதியிருந்த வரிசையில், கோழி! மாறியது பை, மாறாதது கோழி! அவ்வரிசை தமிழில் அச்சிடப்பட்டிருப்பின் பத்தாம் வகுப்புச் சிறுவனே முதல்நாள் கண்டுபிடித்திருப்பான். ஆறு திங்கள் அந்த வாயில்லா உயிர் புண்பட்டிருக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் அக்கம்பக்கத்தார் சொல்கேட்டு, சரக்குந்திலிருந்து வடித்தெடுத்த கருப்பெண்ணெயை அதன் உடல் முழுதும் பூசியிருந்தனர். நாய் அதை நக்கிக் கக்கியது. தோல் வெந்தது. இனி முடியாதென்று, ஓரிரவில் கரூர்ச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடவும் முடிவு செய்திருந்தனர். பையன் அழுததால் ஒரு கிழமை தள்ளிப்போட்டனர். அந்த ஒரு கிழமையில்தான் என்னிடம் வந்தார்கள்.

அன்பர்களே, சாலையில் விடப்படும் நாய் என்னாகும்? ஒன்று, உந்தின் உருளையில் அரைபடும். அன்றேல் இறைச்சிக்கடைக் கழிவைத் தின்னும் கூட்டத்தில் சேரும். வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் அண்மை ஆண்டுகளில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் நாம் அறிவோம். கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த கொறங்காட்டு ஆடு அது. ஓர் ஏழைக் குடும்பத்தின் வைப்புநிதி அது. தெருநாய் பெருகியதற்குக் கரணியம் பல. நோயுற்ற நாயைத் தெருவில் விடும் நம் கையும் அவற்றுள் ஒன்று.

இனிச் சட்டம் என்ன சொல்கின்றது என்று பாருங்கள். இந்திய நடுவணரசின் 2011-ஆம் ஆண்டுப் பொதியப் பொருள் விதிகள், பொதியின்மேல் இருக்க வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழியையும் கூடச் சேர்த்தால் தடையில்லையாம்! தடையில்லையாம், கட்டாயமும் இல்லையாம்! தமிழ் ஆட்சிமொழி என்று 1956-இலேயே சட்டம் இயற்றிய நாட்டில், தமிழன் தன் பணத்தைக் கொடுத்து வாங்கும் பையில் தமிழுக்கு இடம், வணிகன் மனம்வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. இதற்குப் பெயர் உரிமையா, பிச்சையா?

மொழிச்சிக்கல் பையோடு முடிந்ததா? இல்லை. அம்மருத்துவரிடமே மீண்டும் சென்றோம். அவரை நான் குறைகூறேன், நல்லவர். அமர்ந்து அரைமணி நேரம் விளக்கினார். ஆனால் தம் கருத்தைத் தாய்மொழியில் சொல்ல அவரே தடுமாறினார். தடுமாறாமல் என்ன செய்வார்? சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. நாமக்கல் கல்லூரி 1985-இல். நமக்கு அண்மையிலுள்ள உடுமலைப்பேட்டைக் கல்லூரி 2020-இல். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் பாடம் ஆங்கிலத்திலேயே. தமிழ் பேசும் உழவனின் மாட்டையும் நாயையும் காக்க, தமிழில் ஒரு சொல்லும் கற்பிக்கப்படாமல் வெளிவருகின்றான் தமிழ் இளைஞன்!

"அலர்சி என்றால் எல்லார்க்கும் விளங்குமே" என்பர் சிலர். விளங்குகின்றதா? உண்ணி கடித்தால் அலர்சி. சொறி பிடித்தால் அலர்சி. பால் குடித்துக் கழிந்தால் அலர்சி. வெங்காயம் தின்று நொந்தால் அலர்சி. எல்லாவற்றையும் குறிக்கும் சொல் எதனையும் குறிக்காத சொல்லே. 1906-இல் வியன்னா மருத்துவர் கிளமென்சு பிர்க்கே என்பார் பழங்கிரேக்க வேர்களைக் கொண்டு அச்சொல்லை ஆக்கினார். புதுப்பொருளுக்குப் பழவேரிலிருந்து அவர் சொல்லாக்கலாம். நாம் ஆக்கினால் மட்டும் வெறியா? தமிழிலோ நான்கு சொற்கள் நான்கு நோய்நிலைகளை நன்கு பிரித்துக் காட்டுகின்றன.

ஒன்று, ஒவ்வாமை. பிற நாய்க்குத் தீங்கு செய்யாத பொருளை இந்த நாயின் நோயெதிர்ப்பாற்றல் பகையென்று கருதிப் போர் தொடுத்தல். அரிப்பு அப்போரின் விளைவு. இரண்டு, தாளாமை. குடல் ஒரு பொருளைத் தாங்காமை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலைச் செரிக்கும் ஆற்றல் குறைவதால் கழிச்சல் உண்டாவது இது. மூன்று, தொற்று. கண்ணுக்குத் தெரியாச் சிற்றுண்ணி தோலைத் துளைத்தலும், நுண்ணுயிரும் பூஞ்சையும் பெருகுதலும். நான்கு, நஞ்சு. வெங்காயம், பூண்டு, கொடிமுந்திரி, சாக்கலேட்டு ஆகியன எந்த நாய்க்கும் ஆகா. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. சொல் தெளிந்தால் நோய் தெளியும். நோய் தெளிந்தால் வழி தெளியும்.

அவ்வழியை அம்மருத்துவர் சொன்னவாறே, தமிழ்ப்படுத்தி ஈண்டுத் தருகின்றேன். நாய் வளர்ப்போர் இத்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

முதலில் தெள்ளுப்பூச்சியையும் உண்ணியையும் ஒழிக்க வேண்டும். ஒவ்வாமை கொண்ட நாய்க்கு ஓரிரு தெள்ளுக்கடியே போதும். இடுப்பும் வாலடியும் மயிருதிர்ந்து புண்ணாகும். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும், படுக்கைச் சாக்குக்கும் சேர்த்தே மருந்திட வேண்டும். அடுத்து, தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்துச் சிற்றுண்ணி உண்டா என ஆய்தல் வேண்டும். காதுவிளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கும் சொறி மாந்தரையும் பற்றும். காதிலும் பாதத்திலும் உள்ள தொற்றுக்குத் தனி மருந்து வேண்டும்.

இவை தீர்ந்தும் அரிப்பு நீடித்தால்தான் உணவை ஐயுற வேண்டும். 2016-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, உணவொவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு ஒவ்வாத பொருள்களை எண்ணிப் பார்த்தது. மாட்டிறைச்சி 34 விழுக்காடு, பாற்பொருள் 17, கோழி 15, கோதுமை 13. நம் வட்டாரத்து நாய் நாள்தோறும் உண்பது என்ன? கோழிக்கழிவு, பால், பிசுக்கட்டு என்று கடையில் விற்கும் கோதுமை ஈரட்டி! பட்டியல் நம் வாயிற்படியிலேயே கிடக்கின்றது.

இதனை உறுதிசெய்யக் குருதி ஆய்வும் உமிழ்நீர் ஆய்வும் நம்பத்தக்கன அல்ல. உண்மை காட்டுவது விலக்குணவு ஒன்றே. நாய் இதுவரை தின்றறியாத ஒரு புரதம், தின்றறியாத ஒரு மாப்பொருள். இவ்விரண்டு மட்டும், எட்டு வாரம். அந்த வீட்டில் முள் நீக்கி வேகவைத்த மீனும் சருக்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தோம். இடையில் ஒரு துண்டு ஈரட்டி, ஒரு வாய்ப் பால், ஓர் எலும்பு, இறைச்சிச் சுவையேற்றிய ஒரு மாத்திரை உள்ளே போனாலும் ஆய்வு கெடும். பாட்டி அன்போடு போடும் ஒரு கவளமே பகை! பையன் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் தமிழில் எழுதினான்: என்ன தின்றது, எத்தனை முறை சொறிந்தது, காது எப்படி.

ஆறாம் வாரம் அரிப்புப் பாதியாய்க் குறைந்தது. எட்டாம் வாரம் வயிற்றில் தடிப்பு இல்லை. பின், மருத்துவர் சொற்படி, வேண்டுமென்றே கோழியை மீண்டும் கொடுத்தோம். மூன்றாம் நாள் அரிப்புத் திரும்பியது. கோழியை நிறுத்தினோம், அடங்கியது. கோதுமையைக் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் நேரவில்லை. மீண்டும் கொடுத்துப் பார்க்கும் இப்படியைத் தாண்டாமல் "உணவொவ்வாமை" என்று உறுதி கூறல் ஆகாது. எட்டு வாரத்துக்குப் பின் அதே உணவை ஆண்டுக்கணக்கில் தொடர்வதாயின் சுண்ணகம் முதலியன குறையாதபடி மருத்துவரைக் கேட்டே அளவிடல் வேண்டும்.

உணவை மாற்றியும் தீராத நாய்களும் உண்டு. அவற்றுக்குப் பகை வீட்டுப்புழுதிச் சிற்றுண்ணியும், பூந்துகளும், பூஞ்சையும். அது வாழ்நாள் முழுதும் அடக்கியாள வேண்டியது, அறவே தீர்வதன்று. மாந்தர் வழலைக்கட்டி நாய்த்தோலுக்கு ஒவ்வாது. அதற்குரிய கழுவுநீர்மத்தால் மருத்துவர் குறித்த இடைவெளியில் குளிப்பாட்டி ஈரம் போகத் துடைக்க வேண்டும். இசுட்டீராய்டு ஊசியால் அரிப்பு உடனே நிற்கும், கரணியம் நிற்காது. கேட்பாரற்று நெடுநாள் போட்டால் தோல் மெலியும், உடல் பருக்கும், தொற்று மிகும். அரிப்பை அடக்கும் புதுமருந்துகளும் இன்று உள்ளன, மருத்துவரிடம் கேளுங்கள். கருப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும் மருந்தல்ல, கொடுமை!

"நாட்டுநாய் வளர்த்தால் இத்தொல்லை உண்டா?" என்று நம்மவரே கேட்பர். இலாபிரடார், பக்கு போன்ற இனங்களில் ஒவ்வாமை வழிவழியாக மிகுதி என்பது உண்மை. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம் வெயிலுக்குப் பிறந்தவை; அவற்றைப் போற்றுதல் நம் கடன். ஆயினும் நம்முடையது என்பதாலேயே நோய் அணுகாது என்று நான் பொய்யுரைக்க மாட்டேன். இராசபாளையத்துக்குப் பிறவிச் செவிடு உண்டு. எந்த நாட்டுநாய்க்கும் ஒவ்வாமை வரலாம். மொழிப்பற்று கண்ணைத் திறக்க வேண்டும், மூடக்கூடாது. வந்தேறிய இனமாயினும் நம் வாயிற்படியில் படுத்த உயிர் நம் பொறுப்பே.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு விலங்குணவுப் பையிலும் உட்பொருள் வரிசை தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சாக வேண்டும். கால்நடை மருத்துவமனைகளில் மருந்துத்தாளோடு, கொடுக்க வேண்டியதும் கொடுக்கக் கூடாததும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில், நோயை உழவனுக்குத் தமிழில் விளக்கும் பயிற்சியேனும் பாடமாக வேண்டும். இவற்றுக்கு வானத்தை வில்லாக வளைக்க வேண்டா. அச்சுக்கூடமும் மனமும் இருந்தால் போதும்.

அரசு செய்யும்வரை காத்திராதீர்! தமிழாசிரியரே, உம் தெருவில் படிக்கவியலாமல் நிற்பவர்க்கு அப்பையைப் படித்துச் சொல்லுங்கள். மாணவரே, உம் வீட்டு மருந்துத்தாளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அந்த நாய் இன்றும் அவ்வீட்டு வாயிற்படியில் படுத்திருக்கின்றது. மழைக்காலத்தில் காது மட்டும் இன்னும் தொல்லை தருகின்றது, அதற்கும் மருந்திடுகின்றனர். ஞமலி என்றும் ஞாளி என்றும் நாய்க்குப் பெயர் சூட்டி வாழ்ந்த இனம் நாம். அதன் நோய்க்குப் பெயர் சொல்ல மட்டும் நமக்கு வாய் இல்லையா?

பையைத் திருப்புங்கள், படியுங்கள், தமிழில் இல்லையேல், ஏன் இல்லை என்று கேளுங்கள்!